பிள்ளைக்கு முதல் ரைஃபிள்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பயிற்சி எடுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

போன வாரம் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணா, குரூப்ல உங்க கடையைப் பத்தி வந்த மெசேஜைப் பார்த்தீங்களா?" பார்த்தேன். நாலு பேர் எனக்கே அனுப்பியிருந்தார்கள். வேண்டுமென்றே பிள்ளைகள் தலையில் சின்ன ரைஃபிளைக் கட்டிவிட்டு, ஒன்றரை வருடம் போனதும் பெரியதை வாங்க வைத்து, நாங்கள் இரண்டு தடவை காசு பார்க்கிறோமாம். எழுதியவர் நமக்குத் தெரிந்தவர்தான், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. விலை ஜாஸ்தி என்று எழுதியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். சர்வீஸ் தாமதமாகிறது என்றாலும் சரி என்றிருப்பேன். 'வேண்டுமென்றே' என்ற இந்த ஒரு சொல்தான் தூங்கவிடவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மெசேஜ் எழுதியவருடைய பையனுக்கு 11 வயது, எடை 29 கிலோ. பெரியவர்கள் போட்டியில் பிடிக்கிற அலுமினிய ஸ்டாக் (தோளில் அணைத்துப் பிடிக்கிற பின்பகுதி) உள்ள ஏர் ரைஃபிள்தான் (காற்றழுத்தத்தில் சுடுவது) வேண்டும் என்று அப்பா கேட்டார். "வளர்ற பையன், இப்பவே பெரிசா வாங்கிட்டா காலேஜ் வரைக்கும் ஓடும்" என்றார். நியாயமான நினைப்புதான். ஜூன் மாதம் யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும்போது என் அம்மாவும் இரண்டு விரல் மடித்துத் தைக்கச் சொல்வார். வருடா வருடம் ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் போதும். ரைஃபிளுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது என்று சொல்லி, பிள்ளைகளுக்கான சின்ன அளவு ஜூனியர் ரைஃபிளைத்தான் கொடுத்தேன். சட்டை தொளதொளவென்று இருந்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ரைஃபிள் பெரிதாக இருந்தால் பிள்ளையின் உடம்பு அதற்காக வளைகிறது.

எப்படி வளைகிறது என்று எங்கள் கடைக் கண்ணாடி முன்னால் நின்றாலே தெரியும். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் நின்றபடி சுடுவது. இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், எடை எலும்பு வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும். பெரியவர்கள் ரைஃபிள் நாலரை கிலோ சுமாருக்கு வரும். போட்டி விதிப்படி 5.5 கிலோ வரை போகலாம். 29 கிலோ பிள்ளை அதைத் தூக்கினால் இடுப்பு முன்னால் தள்ளும், முதுகு பின்னால் சாயும், கீழ் முதுகு பிடித்துக்கொள்ளும். ஸ்டாக் நீளம் கூடிவிட்டாலோ முகத்தை முன்னால் நீட்டித்தான் பீப் சைட்டுக்குள் (குறிபார்க்கிற சின்ன ஓட்டை) பார்க்க முடியும். ஒவ்வொரு குண்டுக்கும் கண் வேறு வேறு தூரத்தில் நிற்கும். டார்கெட்டில் பத்து மதிப்பெண் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அதற்கு நேராக நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டிய உடம்பு, சுமையைச் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறது. அப்படிப் படிந்த பழக்கத்தைப் பின்னால் கழற்றுவதற்குக் கோச்சுகள் படுகிற பாடு எனக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தை இதுவரை வெளியே சொன்னதில்லை. 2007இல் கடை தொடங்கினேன். மறுவருடமே பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கினார். ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். அதற்கப்புறம் கடையில் கூட்டம் அள்ளியது. அந்த வேகத்தில் 12 வயதுப் பையன் ஒருவனுக்கு அவன் அப்பா கேட்டபடியே முழு அளவு ரைஃபிளைக் கொடுத்தேன். நல்ல கை, நல்ல பொறுமை உள்ள பிள்ளை. எட்டு மாதத்தில் முதுகுவலி என்று விட்டுவிட்டான். ரைஃபிள் இன்றும் அவர்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அன்றைக்கு வியாபாரம் போனாலும் போகட்டும் என்று நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அன்றிலிருந்துதான் அளவு பார்க்காமல் பிள்ளைகளுக்கு ரைஃபிள் தருவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அளவு எடுப்பது பெரிய வித்தையெல்லாம் இல்லை. பிள்ளை முழங்கையை எல் மாதிரி மடக்க வேண்டும். ஸ்டாக்கின் பின் முனையில் தோளில் பதிகிற பட் பிளேட்டை முழங்கையின் உள்மடிப்பில் வைத்து, ரைஃபிளை முன்கையோடு சேர்த்துப் பிடித்தால், ஆள்காட்டி விரலின் நுனிப் பகுதி ட்ரிகரில் தானாக வந்து உட்கார வேண்டும். எட்டிப் பிடித்தால் ஸ்டாக் நீளம், விரல் தாண்டிப் போனால் குட்டை. அடுத்தது கண். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, எதிர்ச் சுவரில் உள்ள காலண்டர் தேதியைப் பார்க்கச் சொல்வேன். ஒவ்வொரு கண்ணாக மூடினால் எது மாஸ்டர் ஐ, அதாவது குறிபார்ப்பதில் முந்துகிற கண், என்று தெரிந்துவிடும். வலது கையால் எழுதுகிற சில பிள்ளைகளுக்கு இடது கண் முந்தும். அது தெரியாமல் வாங்கினால் காசும் போச்சு, ஆறு மாதப் பயிற்சியும் போச்சு. கடைசியாக, ரைஃபிளைக் கையில் கொடுத்து ஒரு நிமிடம் குறிபார்த்து நிற்கச் சொல்வேன். சுட வேண்டாம், நின்றால் போதும். நாற்பதாவது நொடியில் தோள் ஏறுகிறதா, மூச்சு அடக்குகிறதா என்று பாருங்கள். பிள்ளை "ஓகேதான் அங்கிள்" என்று சொல்லும். அதன் தோள் உண்மையைச் சொல்லிவிடும்.

ஸ்டாக்கில் பட் பிளேட்டும் கன்னம் வைக்கிற சீக் பீஸும் நகர்கிற மாடலாகத்தான் எடுக்கச் சொல்கிறேன். பட் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்பேசர் (இடைத்தகடு) சேர்த்தால் ஸ்டாக் நீளும். சின்ன திருகு வேலைதான், அது இலவசம். எங்கள் கோடவுன் கதவு நிலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பென்சில் கோடாகவே இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருகிற பிள்ளைகளின் உயரம் அது. ஒரு பாப்பாவுக்கு மூன்று வருடத்தில் ஏழு கோடு இருக்கிறது. இன்னும் அதே ஜூனியர் ரைஃபிள்தான், நாலு ஸ்பேசரோடு. இரண்டு தடவை காசு பார்க்க நினைக்கிறவன் ஸ்பேசர் போட்டுக் கொடுப்பானா என்று கேட்கத் தோன்றுகிறது. இரண்டு வருடத்துக்குள் திருப்பித் தரும் ஜூனியர் ரைஃபிளை நாங்களே எடுத்துக்கொண்டு, காற்று கசியாமல் தடுக்கிற சீலை மாற்றி, வசதி குறைந்த அடுத்த பிள்ளைக்குத் தருகிறோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். (திரும்ப எடுக்கும் விலை பில் தொகையில் 60 சதவீதமாக இருந்தது அடுத்த மாதத்திலிருந்து 40 ஆகிறது.)

இன்னொன்றும் அடிக்கடி கேட்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் பக்கத்து வீட்டில் 12 வயதுப் பையனுக்கு மான் வேட்டைக்கு வெடிமருந்துத் தோட்டா போட்டுச் சுடுகிற சென்டர்ஃபயர் ரைஃபிளே வாங்கிக் கொடுத்தார்களாம், நீங்கள் ஏர் ரைஃபிளுக்கே இவ்வளவு யோசிக்கிறீர்களே என்று. அந்த நாட்டு வழக்கம் வேறு. அங்கேயும் விவரம் தெரிந்த அப்பாக்கள் உதை குறைந்த .243 மாதிரி ஒரு தோட்டாவைத்தான் தேடுவார்கள், ஸ்டாக் குட்டையான யூத் மாடலைத்தான் கேட்பார்கள். முதல் தடவையே தோளில் பலமாக உதைத்துவிட்டால், ட்ரிகரைத் தொடும்போதெல்லாம் பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும். நம் ஊரில் ஆயுதச் சட்டப்படி 21 வயது ஆகாதவர் அப்படிப்பட்ட துப்பாக்கியைச் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது. நாங்கள் பிள்ளைகளுக்குத் தருவது 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிள் மட்டும். அதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்பதால் விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. பெற்றோர் கூட வராமல் தர மாட்டோம். மைனாவையும் அணிலையும் சுட்டதாக ஒரு பேச்சு காதில் விழுந்தாலும் அந்த வீட்டுக்கு அப்புறம் ஏர் ரைஃபிள் குண்டான பெல்லட்கூடக் கிடையாது. இதில் நான் கறார்தான்.

அப்புறம் விலை. 2025இல் யூரோ நூறு ரூபாயைத் தாண்டிய பிறகு ஜெர்மன் சாமான்கள் எல்லாமே ஏறிவிட்டன. 500 எண்ணம் உள்ள பெல்லட் டப்பாவை ஒரு பிள்ளை ஒரு வாரத்தில் காலி செய்துவிடும் என்பதால் அங்கேதான் உங்களுக்கு அதிகம் வலிக்கும். ஒரு யோசனை சொல்கிறேன். முதல் ஆறு மாதம் போட்டிக்கான விலை உயர்ந்த மேட்ச் பெல்லட் வேண்டாம். தட்டை மூக்கு உள்ள சாதா பெல்லட்டே போதும், பிள்ளை குண்டுகளை ஒரே இடத்தில் சேர்த்து அடிக்க ஆரம்பித்ததும் மாறிக்கொள்ளலாம். சுடும்போது போடுகிற ஜாக்கெட்டையும் அவசரப்பட்டுத் தைக்காதீர்கள், அது ஒரே வருடத்தில் பத்தாமல் போகும். இப்படிச் சொல்வதால் எனக்கு வியாபாரம் குறையும் என்று என் மனைவி சொல்கிறார், குறையட்டும். சர்வீஸ் பார்த்துவந்த தம்பி வெளியூர் போய்விட்டதால், இப்போதைக்குப் புதன், சனி மட்டும் நானே உட்காருகிறேன். ரைஃபிளின் காற்று சிலிண்டர் மேலே பொறித்திருக்கும் காலாவதி தேதியை மட்டும் வீட்டிலேயே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தேதி தாண்டியதில் காற்று அடிக்க மாட்டேன்.

அந்த மெசேஜ் வந்த அன்றே குரூப்பில் எங்களுக்காகப் பேசிய அம்மாக்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஈரோட்டிலிருந்து பஸ் ஏறி, மூத்த பிள்ளைக்கு வாங்கிய ரைஃபிளை இளையவனுக்கு அளவு மாற்றித் தரச் சொல்லி நேற்று வந்து நின்ற அப்பாவுக்கும் நன்றி. கடலூரில் பிறந்த ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவனை டிவியில் பார்த்துவிட்டு, "எனக்கும் அது மாதிரி வேணும்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்த பிள்ளைகளால்தான் இந்தக் கடை நிற்கிறது.

மெசேஜ் எழுதிய சகோதரருக்கு: சனிக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு வாங்க. இரண்டு ரைஃபிளையும் மேசைமேல் வைக்கிறேன். அவன் ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் பிடித்து நிற்கட்டும், நீங்கள் பக்கவாட்டில் நின்று அவன் முதுகைப் பாருங்கள். அப்புறமும் பெரியதுதான் வேண்டும் என்றால் ஜூனியரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். பெரியதை மட்டும் என் கையால் தர மாட்டேன்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
கோயம்புத்தூர்