கிளந்தான் மழையும் திபெத்திய பீடபூமியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரை வெள்ளம் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை, மேற்குக் கரையிலுள்ள பினாங்கையும் கெடாவையும் தீபகற்பத்தின் நடுவே நீளும் தித்திவங்சா மலைத்தொடர் காத்து நிற்பதாகக் கூறியது. பெரும்பாலும் உண்மைதான். எனினும் 2017 நவம்பரில் பினாங்கே நீரில் மூழ்கியதை நாம் மறக்கலாகாது. அதைவிட முக்கியமாக, இந்த மழையைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவக்காற்று நம் திசைக்கு வருவதிலேயே இன்னொரு மேட்டுநிலத்துக்குப் பங்கிருப்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

திபெத்திய பீடபூமியைத்தான் சொல்கிறேன். அதன் சராசரி உயரம் 4,500 மீட்டர். பரப்பு ஏறத்தாழ 25 லட்சம் சதுர கிலோமீட்டர். குளிர்காலத்தில் சைபீரியாவில் குளிர்ந்து கனத்துத் தேங்கும் காற்று, இந்தச் சுவரைத் தாண்டி நேர்த்தெற்கே இறங்க முடியாமல், அதன் கிழக்கு விளிம்பை ஒட்டிச் சீனாவின் வழியாகப் பாய்ந்து, சில நாள்களிலேயே தென்சீனக் கடலுக்கு வந்துவிடுகிறது. வெதுவெதுப்பான அக்கடலைக் கடக்கையில் நீராவியை வாரிக்கொண்டு, கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களில் நாள்கணக்கில் அடைமழையாகக் கொட்டுகிறது. வட இந்தியச் சமவெளி சைபீரியக் குளிருக்குத் தப்புவதும் இதே தடுப்பினால்தான்.

ஆறாம் படிவ மாணவர்களுக்குப் புவியியல் கற்பித்த காலத்தில், மலையின் ஒரு பக்கம் மழை, மறுபக்கம் வறட்சி என்பதோடு நானும் பாடத்தை முடித்துக்கொண்டேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற காலநிலை அறிவியலாளர் சுக்குரோ மனாபே, 1970களிலேயே கணினியில் மலைகளே இல்லாத உலகம் ஒன்றை அமைத்துப் பார்த்தார். அதில் தெற்காசியப் பருவமழை இன்றுபோல் வடக்கே நிலத்துக்குள் எட்டவில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் காற்றையும் ஒரு மலைத்தொடர் திருப்பிவிடுகிறது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும்.

நமக்கு இது அந்நியமான செய்தியும் அல்ல. 1978 டிசம்பரில் தொடங்கிய அனைத்துலகக் குளிர்காலப் பருவக்காற்று ஆய்வுக்குக் கோலாலம்பூரே மையமாக இருந்தது. குளிர்க்காற்று சீனாவைக் கடக்கும்போதே கண்டுகொண்டால், கரையோர மக்கள் உடைமைகளை மேட்டுக்கு மாற்றச் சில நாள் அவகாசம் கிடைக்கும்.

ஆகவே, அடுத்த பருவமழைக் காலத்தில் தாங்கள் வெளியிடும் வானிலை வரைபடத்தைத் தாய்லாந்து எல்லையோடு நிறுத்தாமல், திபெத்தும் சைபீரியாவும் தெரியும்படி நீட்டி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு.