பெயரை மாற்றினீர்கள், பாதையை ஏன் வெட்டினீர்கள்?

மதிப்பிற்குரிய இணையதளப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் தளம் இணைய முகவரியில் இருந்த பழைய பெயரை விட்டுப் புதுப் பெயருக்குக் குடிபோனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. புதுப் பெயர் சின்னதாக, வாயில் நுழைகிற மாதிரி இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். பழைய பெயரைத் தேடி வருகிறவர்களை, அவர்கள் கேட்ட அதே பக்கத்துக்குப் புதுப் பெயரில் அனுப்பிவையுங்கள். முகப்புக்கு அல்ல, அதே பக்கத்துக்கு.

இதையே இரண்டு மின்னஞ்சலில் எழுதினேன், ஒரு தடவை போனிலும் சொன்னேன். இப்போது எல்லோரும் பார்க்க எழுதுவதற்குக் காரணம் போன வாரம் நடந்தது.

உசிலம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எழுமலைப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தார். மகளுக்கு மதுரையில் கல்லூரிச் சேர்க்கை. போன வருடம் என் கடையில் அச்செடுத்த உங்கள் சான்றிதழைக் கொடுத்திருக்கிறார். அதன் அடியில் உள்ள க்யூஆர் கட்டத்தைக் கல்லூரியில் ஸ்கேன் செய்தால், உங்கள் முகப்புப் பக்கம் வருகிறது. ஓடும் எழுத்து வருகிறது, கொடி அசைகிறது, மகள் பெயர் மட்டும் வரவில்லை. 'சரிபார்த்து வாங்கிட்டு வாங்கம்மா' என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் போனார், அதே பதில். இரண்டு நாள் நூறு நாள் வேலை போச்சு, பஸ் காசு போச்சு. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "தம்பி, இது போலியாம்ல?" என்றார். அச்செடுத்துக் கொடுத்தவன் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

என் போனில் ஸ்கேன் செய்து, அதிலிருந்த முகவரியில் பெயரை மட்டும் கையால் மாற்றினேன். பிள்ளையின் பெயர், எண், தேதி எல்லாம் பளிச்சென்று வந்து நின்றன. ஆக, பதிவு உங்களிடம் பத்திரமாக இருக்கிறது. கல்லூரிக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். "சார், ஸ்கேன் பண்ணா வரணும். நீங்க சொல்ற அட்ரஸை நான் அடிச்சுப் பாத்தா அது என்ன சரிபார்ப்பு?" என்றார் அந்த அலுவலர். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அச்சான காகிதத்தை நானும் திருத்த முடியாது, நீங்களும் திருத்த முடியாது. திருத்தக்கூடியது உங்கள் சர்வரில் இருக்கும் ஒரே ஒரு வரி.

போனில் பேசியபோது உங்கள் ஆள் "டிஎன்எஸ்ல மாத்திட்டோம் சார்" என்றார். டிஎன்எஸ் என்பது இணையப் பெயர்களின் முகவரிப் புத்தகம் மாதிரி; எந்த இயந்திரத்துக்குப் போவது என்று மட்டும்தான் சொல்லும். எந்தப் பெயரைத் தேடி வந்தார்கள் என்பதை, பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபியில், 1997-இல் வந்த 1.1 பதிப்பு முதல், ஒவ்வொரு கோரிக்கையும் ஹோஸ்ட் என்ற வரியில் தானே சொல்லிக்கொண்டு வருகிறது. அதைக் காதில் வாங்கி வழிகாட்ட வேண்டியது சர்வர். உங்கள் சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ் என்றால் பழைய பெயருக்கு ஒரு சர்வர் பிளாக் (அந்தப் பெயருக்கான அமைப்புப் பகுதி), அதில் 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டது' என்று சொல்லும் ரிட்டர்ன் 301, புதுப் பெயர், அதன் வாலில் ரிக்வெஸ்ட் யூஆர்ஐ, அதாவது முகவரியில் பெயருக்குப் பின்னால் வரும் பாதை. உங்கள் ஆட்கள் அந்த வாலை நறுக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. இன்னொரு சர்வர் மென்பொருளான அப்பாச்சியில் ரீடைரக்ட் பெர்மனென்ட் என்று போட்டால் பாதையை அதுவே சேர்த்துக்கொள்ளும்.

முன்னால் மூன்று டபிள்யூ போட்டு அச்சான ரசீதுகளின் கதி இன்னும் மோசம். அந்தப் பெயரை எந்த பிளாக்கிலும் காணோம். பெயர் பொருந்தாவிட்டால், தனியாக ஒன்றைக் குறித்து வைக்காதவரை, சர்வர் முதலில் எழுதியிருக்கும் பிளாக்கைத்தான் எடுக்கும். அதனால் முதலில் பிரவுசர் சிவப்பாக எச்சரிக்கிறது. துணிந்து தாண்டிப் போனால் வேறு ஏதோ பிரிவின் டெண்டர் அறிவிப்பு. மூன்று டபிள்யூ உள்ளது, இல்லாதது என்று பழைய பெயர்கள் இரண்டுக்கும், தளம் நிஜம்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழ் இல்லாவிட்டால், எச்சரிக்கையைத் தாண்டாமல் திருப்பிவிடும் வரி வரைக்கும் பிரவுசர் வரவே வராது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதைக் காசு வாங்காமல் தருகிறது.

சர்வர் என்ன பதில் சொல்கிறது என்று காட்டும் கர்ல் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன், 302 என்று வருகிறது. 302 தற்காலிகத்துக்கு. பழைய பெயர் திரும்பி வரப்போகிறதா? சோதித்துப் பார்க்க 302 வைத்திருந்தால் அது விவரமான வேலைதான், ஏனென்றால் 301-ஐ பிரவுசர் மனதில் வைத்துக்கொள்ளும். ஆனால் சோதனை ஐந்து மாதமா நடக்கும்?

எங்கள் மதுரையில் சித்திரைத் திருவிழாத் தேர் மாசி வீதிகளில் ஓடுகிறது. வெளியூர்க்காரர் பெயரை நம்பிச் சித்திரை வீதியில் போய் நின்றால், அங்கே பூ விற்கும் அம்மா "தேர் மாசி வீதில வருதுய்யா, இப்படிப் போங்க" என்று கைகாட்டுவார். 'பஸ் ஸ்டாண்டுக்குப் போய் முதலிலிருந்து விசாரிங்க' என்று சொல்லமாட்டார். அந்த அம்மாவிடம் சர்வரும் இல்லை, பராமரிப்பு ஒப்பந்தமும் இல்லை.

முகப்பின் அடியில் வருகையாளர் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது. தொலைந்துபோய் வந்து நிற்பவர்களையும் சேர்த்து எண்ணினால் ஏறத்தானே செய்யும்? எழுமலை அக்கா மட்டும் அதில் மூன்று.

சரி, கோபத்தை விட்டுவிட்டுக் கேட்கிறேன். பழைய பெயர் இரண்டையும், பாதை மாறாமல், 301-ஆகப் புதுப் பெயருக்குத் திருப்புங்கள். அப்புறம், பழைய பெயரைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். வேறு யாராவது வாங்கிக்கொண்டால், இத்தனை வீடுகளின் பீரோவில் இருக்கும் க்யூஆர் எல்லாம் அவர் வாசலுக்குப் போகும். சோதித்துப் பார்க்கக் காகிதம் வேண்டுமென்றால் என்னிடம் ஒரு நகல் இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன்.

கல்லூரியில் வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் முடித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உசிலம்பட்டி ஜெராக்ஸ் கடைக்காரன்