கூட இருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் முதியவர்களின் மறதி பற்றி டாக்டர்கள் எழுதுவதைத் தவறாமல் படிக்கிறேன். வீட்டோடு தங்கி வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். அதனால் அந்தக் கட்டுரைகளில் விட்டுப்போகிற ஒரு விஷயத்தை எழுதத் தோன்றியது. மறதி முதலில் கண்ணில் படுவது கூடவே இருப்பவருக்குத்தான். ஆனால் டாக்டரின் அறையில் பெரும்பாலும் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

நான் பார்த்துக்கொண்ட ஓர் அம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பர் வந்ததும் குறுக்கெழுத்துப் புதிரை முடித்துவிட்டுத்தான் மற்ற பக்கங்களைப் புரட்டுவார். முதலில் சில கட்டங்கள் காலியாக நிற்க ஆரம்பித்தன. பிறகு பொருந்தாத சொற்களை நெருக்கி நெருக்கி எழுதினார், ஐந்து கட்டத்துக்குள் ஏழு எழுத்து என்று. அப்புறம் “கண் சரியாகத் தெரியவில்லை” என்று சொல்லிப் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். கண் டாக்டரிடம் காட்டினோம்; கண்ணாடி பவர் மாறவே இல்லை. அதே சமயத்தில் மாத்திரை டப்பாவில் செவ்வாய்க்கிழமை மாத்திரை அப்படியே இருக்கும், புதன்கிழமைக்கு உரியது காலியாகியிருக்கும். ஏன் என்று கேட்டால் கோபம் வரும். அதற்கு முன்பு என்னிடம் கோபப்பட்டதே இல்லாதவர் அவர்.

வெளியூரிலிருந்து போனில் பேசும் மகன், “அக்கா, அம்மா நல்லாத்தானே பேசுறாங்க” என்றார். அதுவும் உண்மைதான். பத்து நிமிடப் பேச்சை அந்த அம்மா அழகாகச் சமாளித்துவிடுவார். பழைய கதைகள் எல்லாம் அத்துப்படி. டாக்டரிடம் போனபோதும் அதேதான். “இன்னைக்கு என்ன தேதிம்மா?” என்று கேட்டதற்கு, “வீட்டில் இருக்கிறவளுக்கு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதானே” என்று சிரித்துவிட்டு, என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். கேள்வி கேட்டதும் பதிலுக்காகக் கூட வந்தவர் பக்கம் தலை திரும்புவதையே ஓர் அறிகுறியாக மருத்துவத்தில் சொல்கிறார்கள். அந்த டாக்டர் அப்போது பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். “வயசானா இதெல்லாம் இருக்கும்” என்று அனுப்பிவிட்டார்.

அடுத்துப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி. எடை பார்க்க அந்த அம்மாவை நர்ஸுடன் அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார்: “நீங்க வந்த புதுசுல எப்படி இருந்தாங்க? இப்ப என்ன மாறியிருக்கு?” குறுக்கெழுத்தையும் மாத்திரை டப்பாவையும் சொன்னேன். ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். வைட்டமின் பி12 குறைவாக இருந்தது. ஊசி போட்டதும் ஓரளவு சுறுசுறுப்பு வந்தது, ஆனால் மறதி முழுதாகப் போகவில்லை. மேற்கொண்டு பார்த்ததில் அல்சைமர் என்ற மறதி நோயின் ஆரம்ப கட்டம் என்று தெரிந்தது. குணப்படுத்தும் மருந்து இல்லாத நோய் என்றாலும், சீக்கிரம் தெரிந்ததில் ஒரு பெரிய நன்மை இருந்தது. வங்கிக் கணக்கை யார் பார்ப்பது, பின்னாளில் யாரோடு இருப்பது என்பதையெல்லாம் அந்த அம்மாவே தெளிவாக இருக்கும்போது முடிவு செய்தார். இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போயிருந்தால் அவருக்காக வேறு யாரோதான் முடிவு செய்திருப்பார்கள்.

நினைவாற்றலைச் சோதிக்க 1975 முதல் 30 மதிப்பெண் தேர்வு ஒன்று உலகமெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. நன்றாகப் படித்தவர்கள் ஆரம்ப கட்டத்தில் அதில் நல்ல மார்க் வாங்கிவிட முடியும். பள்ளிக்கே போகாதவர்கள் நோய் இல்லாமலே குறைவாக வாங்கலாம். இந்தக் குறையை ஈடுகட்டத்தான் கூட இருப்பவரிடம் கேட்கும் கேள்விகள் வந்தன. 2005-இல் வெளியான ஏடி8 (AD8) என்ற கேள்விப் பட்டியலில் எட்டே கேள்விகள். கேட்டதையே திரும்பக் கேட்கிறாரா, பிடித்த பொழுதுபோக்கில் ஆர்வம் குறைந்ததா, பணக் கணக்கில் தடுமாறுகிறாரா, மாதமும் வருடமும் மறக்கிறதா என்ற ரீதியில் போகும். கடந்த சில வருடங்களில் இவற்றில் இரண்டு மாறியிருந்தாலே மேற்கொண்டு பரிசோதிக்கச் சொல்கிறார்கள். சில நிமிட வேலைதான். அவர் இன்று எவ்வளவு மார்க் வாங்குகிறார் என்பதைவிட, முன்பு இருந்த அவரிடமிருந்து எவ்வளவு மாறியிருக்கிறார் என்பது முக்கியம். முன்பு இருந்தவரைத் தெரிந்தவர் சொன்னால்தானே அது டாக்டருக்குத் தெரியும்?

எல்லாத் தடுமாற்றமும் மறதி நோய் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொரு வீட்டில் ஒரு பெரியவர், தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று ஓர் இரவு போர்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என்னை அவருடைய தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காலையில் தெளிவு, மாலையில் மறுபடி குழப்பம். “மறதி முத்திடுச்சு” என்று வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு நாள் முன்பு வரை நன்றாக இருந்தார் என்று நான் பிடிவாதமாகச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வைத்தேன். சிறுநீரில் தொற்று. சிகிச்சை கொடுத்ததும் பழையபடி ஆனார். இப்படி ஒன்றிரண்டு நாளில் வரும் குழப்பம் அவசரமாகக் கவனிக்க வேண்டியது. தூக்க மாத்திரை, சில சளி மாத்திரைகள், தைராய்டு குறைவு, மனச்சோர்வு இவையும் மறதிபோலக் காட்டும். காது மந்தமானவரை மறதிக்காரர் என்று முடிவு கட்டிய வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

என் போன்றவர்களுக்கும், பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் மகள், மருமகன், பேரப்பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன். பார்த்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். “மறதி அதிகம்” என்று எழுதினால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. “கரண்ட் பில் கட்டிவிட்டு மறுநாள் மறுபடி கட்டக் கிளம்பினார்” என்று எழுதினால் புரியும். புது மாத்திரை தொடங்கிய நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். என்ன நோய் என்று நாம் பெயர் வைக்க வேண்டாம், அது டாக்டரின் வேலை. அந்தத் தாளை உள்ளே போகும் முன்பே ஃபைலோடு கொடுத்துவிடுங்கள். முதியவர் எதிரிலேயே “இவங்களுக்கு எல்லாம் மறந்துபோகுது” என்று சொல்வது அவரை எவ்வளவு நோகடிக்கும் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

டாக்டர்களிடம் என் வேண்டுகோள், நோயாளியின் சம்மதத்தோடு கூட வந்தவருக்கும் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். சம்பளத்துக்கு வந்த ஆள்தானே என்று எங்களை வெளியே நிறுத்தாதீர்கள். ராத்திரி எத்தனை முறை எழுந்தார் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

கூட இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய மாற்றங்களை ஒரு நரம்பியல் டாக்டரைக் கொண்டு எழுதவைத்து, உங்கள் மருத்துவப் பக்கத்தில் பெரிய எழுத்தில் வெளியிட்டால் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
முதியோர் பராமரிப்புப் பணியில் இருக்கும் உங்கள் வாசகி