தத்துவம் படிக்கவும் வழி சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் படிப்பு என்றாலே நம் பத்திரிகைகளில் பொறியியலும் மேலாண்மையும்தான் வருகின்றன. தத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளை யாரும் நினைப்பதில்லை.

என் அண்ணன் மகள் பட்டப்படிப்பு முடித்ததும் தத்துவம்தான் என்று உறுதியாக நின்றாள். ஜெர்மனியில் எல்லாம் இலவசம் என்றார் ஒரு முகவர். அது முழு உண்மை இல்லை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, சரி. ஆனால் தத்துவத்துக்குப் பேர்போன ஹைடல்பெர்க், டூபிங்கன், ஃபிரைபுர்க் மூன்றுமே பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இருக்கின்றன. அங்கே 2017 முதல் நம்மைப் போன்ற நாட்டு மாணவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். வகுப்புகளும் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். அந்த மொழியைக் கற்கவே ஒன்றிரண்டு வருடம் ஒதுக்க வேண்டும்.

அப்புறம்தான் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகம் பற்றித் தெரிந்தது. 1889இல் தொடங்கிய அதன் தத்துவக் கழகத்தில் இளங்கலை, முதுகலை இரண்டையும் ஆங்கிலத்திலேயே படிக்கலாம். அந்தக் கழகத்துக்கு ஒரு கதையும் உண்டு. ஃபிரைபுர்க்கில் வாழ்ந்த தத்துவ அறிஞர் எட்மண்ட் ஹூசர்ல் யூதராகப் பிறந்தவர்; அதனால் அவர் எழுத்துகளை நாஜிகள் அழித்துவிடும் ஆபத்து இருந்தது. 1938இல் அவர் இறந்ததும், சுருக்கெழுத்தில் அவர் எழுதிவைத்த சுமார் 40,000 பக்கங்களை வான் பிரேடா என்ற இளம் துறவி நாஜிகளுக்குத் தெரியாமல் லூவனுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தத் தாள்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. இதைப் படித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

கட்டணம், மொழித்தேர்வு, விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம் ஆகிய விவரங்களுடன் தத்துவப் படிப்புக்கென உங்கள் கல்வி மலரில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் காலத்துக்கு முன்பே அது வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி