தவணையில் வந்த நெருப்பு: புனே நண்பனுக்கு ஒரு கடிதம்

சிவமயம்

தேவகோட்டை

அன்புள்ள சொக்கலிங்கத்துக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் ஆச்சியும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. புனேயைச் சுற்றியுள்ள மலைகள் எல்லாம் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானவை என்று பேரன் சொல்லக் கேட்டு, டைனோசர்களைக் கொன்றது அந்தக் குழம்புதானா என்று எழுதியிருக்கிறாய். ஓய்வு பெற்றதிலிருந்து நான் விரும்பிப் படிப்பது இதைத்தான் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

தக்காணத்தில் அந்தக் குழம்பு பெருகியது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. கூம்பு வடிவ மலையொன்று உச்சியில் புகை கக்குவதாக எண்ணிக்கொள்ளாதே. நிலம் நெடுகப் பிளந்து, அந்தப் பிளவுகளின் வழியே குழம்பு பொங்கிப் பரவியது. அரிப்பெல்லாம் போக இன்று எஞ்சியிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். ஏறக்குறைய அதே காலத்தில்தான் மெக்சிகோவின் யுகடான் பகுதியில் ஒரு விண்கல் விழுந்து, சுமார் 180 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் பறித்தது. இரண்டில் எதன் பங்கு பெரிது என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். நான் விண்கல்லின் கட்சி. உன் பக்கத்து மலைச்சாலைகளில் பாறையை வெட்டிய இடங்களை நின்று பார்த்தால், கரிய அடுக்குகளுக்கு நடுவே செந்நிறப் பட்டைகள் ஓடுவது தெரியும். ஓர் அடுக்கு ஆறி, அதன் மேற்புறம் மழையில் மக்கி மண்ணான பிறகே அடுத்த குழம்பு வந்து மூடியது என்பதற்கு அவை சாட்சி. சில இடங்களில் அந்த இடைவேளைகளில் குளங்களே உண்டாகியிருந்தன. மும்பை வொர்லியில் அப்படிப்பட்ட இடைப்படிவு ஒன்றிலிருந்து தவளைகளின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. நம்மவர்களின் கணக்கில் சொன்னால், எவ்வளவு பெரிய கடனானாலும் தவணை வைத்துக் கேட்டால் குடும்பம் பிழைத்துக்கொள்ளும். முழுவதையும் ஒரே நாளில் கேட்டால்தான் வீடு ஏலத்துக்குப் போகும். எரிமலை பல லட்சம் ஆண்டுகளுக்குத் தவணை கொடுத்தது, விண்கல் கொடுக்கவில்லை.

அதற்காக எரிமலையைச் சாது என்று நான் சொல்லவில்லை. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சைபீரியாவில் பொங்கிய குழம்பு, கடலில் வாழ்ந்த இனங்களில் பத்தில் ஒன்பது பங்கை அழித்தது. அங்கே கேட்டைப் பெருக்கியது, குழம்பு எந்த நிலத்தின் ஊடாக ஏறி வந்தது என்பதுதான். நிலக்கரியும் உப்பும் தடித்துக் கிடந்த படிவுகளுக்குள் அது புகுந்து அவற்றைச் சுட்டெரித்ததால், பாறையிலிருந்து வந்த வாயுவோடு, மண்ணுக்குள் அடங்கிக் கிடந்த கரியும் வாயுவாகி வானத்துக்கு ஏறியது. கடல் சூடேறி, புளித்து, உயிர்வளி குன்றிப்போயிற்று. நிலத்திலும் காடுகள் குலைந்தன. அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுக் காலத்துப் படிவுகளில் உலகில் எங்குமே நிலக்கரி கிடைப்பதில்லை. தப்பிப் பிழைத்தவற்றுள் ஒன்று லிஸ்ட்ரோசாரஸ் என்னும், பன்றியளவுள்ள, தந்தம் வைத்த விலங்கு. அதன் எலும்புகள் வங்காளத்து ராணிகஞ்ச் பகுதியிலும், தென்னாப்பிரிக்காவிலும், அண்டார்டிகாவிலும் ஒருங்கே கிடைக்கின்றன. கடல் நீந்தும் உடலமைப்பு அதற்கு இல்லை. அன்று அவையெல்லாம் ஒரே நிலமாக இருந்ததால் நடந்தே போயிருக்கிறது.

இதே கரியமில வாயு உயிரைக் காத்த கதையும் உண்டு. பூமி துருவம் முதல் நடுக்கோடு வரை பனியால் மூடிக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது பாறையைக் கரைத்து அந்த வாயுவை இழுத்துக்கொள்ள மழை இல்லை; எரிமலைகளோ ஓயவில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்லச் சேர்ந்த வாயுவின் வெப்பம்தான், சுமார் 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கடைசிப் பெரும்பனியை உருக்கியது. கண்ணுக்குத் தெரியும் உடலுள்ள உயிர்கள் பெருகியதெல்லாம் அதற்குப் பின்புதான்.

நம் பக்கத்தில் எரிமலைப் பாறை கிடையாது என்று நீ குறைப்பட்டிருந்தாய். பிள்ளையார்பட்டிக் குன்றும் திருமயத்துக் கோட்டைப் பாறையும் நிலத்தடி ஆழத்து வெப்பத்தில் உருவானவை, டைனோசர்களைவிடப் பன்மடங்கு மூத்தவை. அவற்றில் எலும்பு தேடிப் பயனில்லை. ஆனால் இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்தபோது நம் கிழக்குக் கரை இழுபட்டுப் பள்ளம் பள்ளமாகத் தாழ்ந்து, கடல் உள்ளே புகுந்தது. நமக்குக் கிழக்கே தொண்டி வரை அந்தப் பள்ளங்கள் வண்டலால் தூர்ந்து மண்ணுக்கடியில் கிடக்கின்றன. வடக்கே பெரம்பலூர்ப் பக்கத்தில் காரை என்னும் ஊரில் அதே கடலின் தரை வெளியே தெரிகிறது. வெடித்த செங்களிமண்ணில் விரல்நீளக் கூர்ங்கற்கள் சிதறிக் கிடக்கும். கணவாயின் உறவான பெலம்னைட்டுகளின் உள்ளோடுகள் அவை. டைனோசர்களோடு அந்தக் குலமும் முடிந்துபோனது.

முடியாத குலமும் ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்குள் கறையான் தின்று வாழ்ந்து, மழைக்காலத்தில் சில நாள் மட்டுமே வெளியே வரும் ஊதா நிறத் தவளையை 2003-இல் அறிவியல் உலகுக்கு அறிவித்தார்கள். 2017-இல் நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைச்சரிவிலிருந்து இன்னோர் இனமும் அறிவிக்கப்பட்டது. இந்த ஊதாத் தவளைக் குடும்பத்துக்கு நெருங்கிய பங்காளிக் குடும்பம் இருப்பது நம் நாட்டில் இல்லை, நடுக்கடலில் உள்ள சேஷெல்ஸ் தீவுகளில்! தக்காணம் குழம்பாகப் பொங்கிய காலத்தை ஒட்டித்தான் அந்தத் தீவுகள் இந்தியாவை விட்டு விலகின. எரிமலை, விண்கல், ஆசியாவோடு நேர்ந்த மோதல் அனைத்தையும் இந்தத் தவளையின் முன்னோர்கள் கடந்து வந்திருக்கிறார்கள். மண்ணுக்குள் பதுங்கும் பழக்கம் அதற்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

தை மாதம் கல்யாணத்துக்கு வரும்போது ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொண்டு வா. பேரனையும் அழைத்துக்கொண்டு காரைக்குப் போய்வருவோம். நிழலுக்கு அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது, குடை அவசியம். மழை பெய்திருந்தால் களிமண் செருப்பைப் பிடித்துக்கொள்ளும், ஆகையால் பழைய செருப்பே போதும். கற்களைப் பையில் போட்டுக்கொள்ளாமல் அவனைப் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்,
ராமநாதன்