தண்டல் அட்டையும் பன்னிரண்டு மாதக் கணக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் தங்கச்சிமடம் வீட்டில் உன் சட்டைப் பையிலிருந்து விழுந்த மஞ்சள் அட்டையை, நாள்தோறும் தவணை கட்டும் தண்டல் கடனின் அட்டையை, எடுத்துக் கொடுத்தது நான்தான். நூறு கட்டங்களில் இருபத்து மூன்றில் கையெழுத்து விழுந்திருந்தது. இதைப் பற்றி எல்லோரும் படிக்கும்படி எழுதட்டுமா என்று கேட்டதற்கு நீயே சம்மதித்தாய்; இந்த அட்டை உன் ஒருவன் பையில் மட்டும் இல்லை என்பது உனக்கும் தெரியும். நம் அப்பாவின் தகரப் பெட்டியில் இப்படிப்பட்ட அட்டைகள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒன்று முடிந்த மறுநாளே அடுத்தது தொடங்கிவிடும். அம்மாவின் சங்கிலி அடகிலிருந்து கடைசிவரை திரும்பவே இல்லை.

நீ 9,000 ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டு, நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்டுகிறாய். பத்தாயிரத்துக்கு ஆயிரம்தானே வட்டி என்று சொன்னாய். ஆனால் அந்த 9,000 ரூபாய் நூறு நாளும் உன்னிடம் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், சராசரியாக நீ அனுபவிப்பது ஏறத்தாழ 4,500 ரூபாயைத்தான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் வட்டி என்றால், ஆண்டுக் கணக்கில் அது 75 சதவீதத்தையும் தாண்டுகிறது. நம் ஊரில் ‘மூன்று வட்டி’ என்று மாதக் கணக்கில் சொல்வது ஆண்டுக்கு 36 சதவீதம். வங்கியோ ஆண்டுக் கணக்கில் சொல்கிறது. அதனால் யார் வட்டி சொன்னாலும் முதலில் ஆண்டுக்கு மாற்றிப் பார். மீனவர்களுக்கும் கிசான் கடன் அட்டை உண்டு. அதில் 7 சதவீத வட்டி, தவறாமல் திருப்பிக் கட்டினால் 4 சதவீதம்தான். வங்கித் தவணை தவறினால், கடன் கொடுக்குமுன் வங்கிகள் பார்க்கும் உன் கடன் மதிப்பெண் குறைந்து, நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அதுவே குறுக்கே நிற்கும்.

நீ தண்டலுக்குப் போனதற்குக் காரணம் ஊதாரித்தனம் அல்ல, மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது ஆண்டுதோறும் தெரிந்த செய்தியாக இருந்தும், நம் வீடுகளில் அது ஒவ்வொரு முறையும் எதிர்பாராத செலவைப் போல வந்து நிற்கிறது. டீசலும் ஐஸும் போகப் பங்காக உனக்கு ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பத்து மாத வருமானமாக நினைத்தால் மாதம் 18,000. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் 15,000. அந்த 3,000 ரூபாய் வித்தியாசம் உன்னுடைய பணமே அல்ல, அது மே மாதத்தின் பணம். மீன்பாடு நன்றாக இருக்கும் நாளிலேயே அதைத் தனிக் கணக்கில் போட்டுவிடு. அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதே. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிப் படகு கரையில் கிடக்கும் நாள்களுக்கு அது இருக்கட்டும்.

முதுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழங்கால் வீங்கிய பிறகும் அப்பா வலை இழுக்கப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயதுக்குள் சேரலாம். 60 வயதில் மாதம் 5,000 ரூபாய் வேண்டுமானால், முப்பது வயதில் சேர்பவர் மாதம் 577 ரூபாய் கட்டினால் போதும். அதையே நாற்பதில் சேர்பவர் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். உனக்கு இந்த ஆண்டு முப்பது. உனக்குப் பின் உன் மனைவிக்கும் அதே ஓய்வூதியம் கிடைக்கும். விலைவாசி ஏறிக்கொண்டே போவதால் அன்றைக்கு 5,000 ரூபாய் மட்டும் போதாது; ஆகவே தண்டல் முடிந்ததும் தபால் நிலையத்தில் பிபிஎஃப் என்னும் நீண்டகாலச் சேமிப்புக் கணக்கு ஒன்றும் தொடங்கு. ஆண்டுக்கு 500 ரூபாய் கட்டினாலும் அது உயிரோடு இருக்கும். பங்குச் சந்தை நிதிகளைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். 75 சதவீத வட்டி கட்டுகிறவனுக்கு அந்தக் கடனை அடைப்பதைவிட நல்ல முதலீடு எதுவும் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் வங்கிப் புத்தகத்தோடு அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு, உன் மனைவியையும் அழைத்து வா. மிச்சமிருக்கும் கட்டங்களை எப்படிச் சீக்கிரம் முடிப்பது என்று மூவரும் உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
அக்கா