நீச்சல்குளத்தைக் கேட்பவர்கள் விளக்கைப் பற்றியும் கேட்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெப்பமண்டலக் கடற்கரைகளில் உள்ள சிறு விடுதிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் எல்லாம் அருமை. ஆனால் கட்டுரையாளர் அறையை விட்டு வெளியே வரவே இல்லையோ என்று தோன்றியது. மெத்தை, ஏசி, வைஃபை வேகம், நீச்சல்குளம், மசாஜ் என்றே பக்கங்கள் ஓடின. இதெல்லாம் நகரத்து ஓட்டலிலும் கிடைக்கிறது. இதற்காகவா ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டு கடலோரம் போகிறார்?

பத்து அறைகள்கூட இல்லாத விடுதிகளாகப் பார்த்துத் தங்குவது என் வழக்கம். அங்கே கிடைக்கிற ஓய்வு, விடுதிக்காரர் வாங்கி வைத்த பொருள்களால் வருவதில்லை. அவர் கைவைக்காமல் விட்டவற்றால்தான் வருகிறது. உங்கள் கட்டுரையில் விடுபட்டதும் அதுதான்.

முதலில் இருட்டு. நிலநடுக்கோட்டை ஒட்டிய கடற்கரைகளில் சூரியன் சாய்வாக இறங்காமல் ஏறக்குறைய செங்குத்தாகக் கடலுக்குள் போய்விடும். அந்தி நேரம் மிகக் குறைவு. அரை மணிக்குள் பொழுது நன்றாக இருட்டிவிடும். இந்த இருட்டை மதிக்கிற விடுதியில் விளக்குகள் முழங்கால் உயரத்தில், தரையைப் பார்த்தபடி, மங்கிய மஞ்சளில் இருக்கும். கண் பழகிய பிறகு நடக்க அதுவே போதும். அண்ணாந்தால் வானம் முழுக்க நட்சத்திரம். நான் தங்கிய ஒரு விடுதியில் கடலைப் பார்த்துப் பெரிய ஃபோகஸ் விளக்குகளை நட்டு வைத்திருந்தார்கள். விருந்தினர் இரவிலும் அலையைப் பார்க்கவாம். அலை தெரிந்தது, வானம்தான் தெரியவில்லை. திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு படுத்ததுதான் மிச்சம்.

இது நம் தூக்கத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. கடலாமைக் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் மணலிலிருந்து வெளிவருகின்றன. எந்தப் பக்கம் அடிவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் போவது அவற்றின் இயல்பு. மனிதர் இல்லாத கரையில் அது கடல் பக்கம். விடுதி விளக்கு பளீரென்று எரிகிற கரையில் அவை எதிர்த்திசையில் ஏறிப்போய், விடிந்ததும் வெயிலில் காய்ந்து சாகின்றன. முட்டையிட வரும் தாய் ஆமையும் வெளிச்சத்தைக் கண்டால் திரும்பிப் போய்விடுவதுண்டு. அம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) அல்லது சிவப்பு நிற விளக்குக்கு மறைப்பும் போட்டால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். பெரிய செலவுள்ள வேலையும் இல்லை.

அடுத்து காற்று. பகலில் தரை சீக்கிரம் சூடாகிறது; அதன் மேலுள்ள காற்று லேசாகி மேலே போக, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இரவில் தரை முந்திக்கொண்டு ஆறிவிடுவதால் காற்று திசை மாறிக் கடலுக்குப் போகிறது. கடல் பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று என இரண்டு சன்னல்கள் வைத்துக் கட்டிய அறைக்கு, பெரும்பாலான நாட்களில் ஏசியே வேண்டாம். இந்த இரண்டு காற்றும் கைமாறுகிற காலை நேரம் ஒன்று இருக்கிறதே, அதைத் தவறவிடாதீர்கள். காற்று ஓய்ந்து தண்ணீர் கண்ணாடி போலக் கிடக்கும். பவளப்பாறைப் பக்கம் முகமூடி மாட்டிக்கொண்டு மிதக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

அங்கே கிளிமீனைப் பார்த்தால் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். பாறையை அது கடிக்கிற சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கும். பாசிக்காகக் கடித்த சுண்ணாம்புப் பாறையை அரைத்து, வெள்ளை மணலாக வெளியே விடுகிறது. பெரிய மீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணலை இப்படித் தள்ளும். விளம்பரப் படங்களில் நாம் பார்த்து மயங்குகிற வெண்மணலில் கணிசமான பங்கு, மன்னிக்கவும், மீனின் கழிவு!

அந்த மணலை அலை வாரிக்கொண்டு போகாமல் காப்பதிலும் பவளப்பாறைக்குப் பெரிய பங்கு உண்டு. அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைப் பவளப்பாறைகள் உறிஞ்சிவிடுகின்றன என்று 2014-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கரையில் அதே வேலையைத் தன் அளவில் செய்வது அடம்பன் கொடி. உலகின் வெப்பமான கடற்கரைகளில் ஏறக்குறைய எங்கும் படர்ந்திருக்கும் கொடி அது. “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்று சும்மா சொல்லவில்லை. மணல்மேட்டை இழுத்துப் பிடித்திருப்பதே அதுதான். சில விடுதிக்காரர்களுக்கு அது குப்பையாகத் தெரிகிறது. கொடியைப் பிடுங்கி, கரையை மழித்து, நாற்காலி போடுகிறார்கள். அப்புறம் மணல் அரிக்கிறது என்று சுவர் எழுப்புகிறார்கள். சுவரில் மோதித் திரும்பும் அலை எதிரே மிச்சமிருக்கிற மணலையும் சுரண்டுகிறது. கடைசியில் கடற்கரை விடுதியில் கடற்கரை இருக்காது.

ஓதத்தை, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. படம் எடுப்பவர்கள் எப்போதும் தண்ணீர் ஏறியிருக்கும்போதுதான் எடுக்கிறார்கள். ஆழமில்லாத கரைகளில் தண்ணீர் வற்றும்போது பாறையும் பாசியுமாக வெகுதூரம் வெளியே தெரியும். நீந்த முடியாது. ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று சண்டைக்குப் போகிற விருந்தினர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆக, நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நல்ல விடுதிகளில் அன்றைய நேரத்தைப் பலகையில் எழுதி வைத்துவிடுவார்கள். அதைப் பார்த்துக் குளியலையும் சாப்பாட்டையும் தூக்கத்தையும் வைத்துக்கொண்டால், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடலாம். இரண்டாம் நாளே உடம்பு அதற்குப் பழகிவிடும். முதல் நாள் மட்டும் ‘அடுத்து என்ன செய்வது’ என்று கை பரபரக்கும். பரபரக்கட்டும்.

கட்டுரையில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது வேறு. சிறு விடுதிகளில் பெரும்பாலும் உயிர்காப்பாளர் இருப்பதில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டாமா? அலை உடைகிற வரிசையில் ஓர் இடம் மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரிந்தால், குளிக்க நல்ல இடம் என்று நினைத்து இறங்குகிறார்கள். பல சமயம் கரையிலிருந்து தண்ணீர் கடலுக்குத் திரும்புகிற ஓட்டம் இருப்பதே அங்குதான். அது இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போகக்கூடாது. மிதந்தபடி உதவிக்குக் கையசைக்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து விலகிய பிறகு கரைக்குத் திரும்பலாம். இந்த நாலு வரிக்கு மசாஜ் வகைகளின் பட்டியலில் இடம் எடுத்திருக்கலாம்.

சன்ஸ்கிரீன் பற்றி ஒரு திருத்தம். எதை வேண்டுமானாலும் தாராளமாகப் பூசிக்கொள்ளச் சொல்கிறது கட்டுரை. பவளத்துக்குக் கேடு என்று ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த வகைகளை பசிபிக் தீவு நாடான பலாவ் 2020-லும் ஹவாய் 2021-லும் தடை செய்துவிட்டன. முழுக்கைச் சட்டையோடு தண்ணீரில் இறங்கினால் பூச்சே பாதி போதும்.

அடுத்த பயண இதழில் விடுதிகளைப் பற்றி எழுதும்போது, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சின்னக் கட்டம் போடுங்கள்: இரவில் கடலைப் பார்த்து விளக்கு எரிகிறதா, கரையில் கொடியும் மரமும் இருக்கிறதா, தண்ணீர் வற்றும் நேரத்தில் நீந்த முடியுமா, உயிர்காப்பாளர் உண்டா. நீச்சல்குளத்தின் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருத்தி